தொடக்கப் பள்ளிக்கு இசை ஆசிரியர் வேண்டும்

ஒன்றிய அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயாக்களில் ‘தொடக்கநிலை ஆசிரியர் (இசை)’ என்றொரு பணியிடம் உண்டு. இசையில் பட்டம் பெற்றவர்கள் அதற்குத் தேர்வு செய்யப்படுகிறார்கள். 2022 டிசம்பரில் வெளியான நியமன அறிவிக்கையில் மட்டும் இத்தகைய 303 இடங்கள் இடம்பெற்றிருந்தன. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இசை கற்பிக்கத் தனி ஆசிரியர் தேவை என்பதை ஒன்றிய அரசே ஏற்றிருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் ஊராட்சிப் பள்ளியிலும் மாநகராட்சிப் பள்ளியிலும் படிக்கும் கோடிக்கணக்கான உழைப்பாளர் வீட்டுக் குழந்தைகளுக்கு அந்த ஆசிரியர் இல்லை. சட்டப்படியே இல்லை.

இசை வகுப்பு என்றாலே அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் போக்கு இடதுசாரி வட்டாரங்களிலும் உண்டு. கூரையும் கழிப்பறையும் ஆசிரியரும் இல்லாத பள்ளிகளின் நாட்டில் ஆர்மோனியம் கேட்பது பொருத்தமா என்று அக்கறையோடு கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன், இன்றைய நிலை எப்படி உருவானது என்பதைப் பார்க்க வேண்டும்.

சட்டம் விட்டுவைத்த வெற்றிடம்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. அதன் 29ஆவது பிரிவு, பாடத்திட்டம் குழந்தையின் முழுமையான வளர்ச்சியை நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் பள்ளிக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் அட்டவணைக்கு வந்தவுடன் அந்த முழுமை சுருங்கிவிடுகிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 குழந்தைகளுக்கு மேல் படித்தால், கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது அட்டவணை. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு மாணவர் எண்ணிக்கைக்கேற்ப எத்தனை ஆசிரியர்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. விளையாட்டுப் பொருட்கள் பட்டியலில் உண்டு. இசைக்கருவி என்ற சொல்லே இல்லை.

ஆக, சட்டம் இரண்டு அநீதிகளை ஒன்றாகச் செய்திருக்கிறது. குரலும் காதும் மிக எளிதாகப் பண்படும் தொடக்கப் பருவத்தில் கலை ஆசிரியரே தேவையில்லை என்றது. நடுநிலை வகுப்புகளில் தேவை என்று ஒப்புக்கொண்டபோதும் ‘பகுதிநேரம்’ என்ற சொல்லால் அந்த ஆசிரியரை நிரந்தர வறுமைக்குள் தள்ளியது. தமிழ்நாட்டில் 2012ல் 16,500க்கும் மேற்பட்டோர் மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் இவ்வாறு நியமிக்கப்பட்டனர். மே மாதத்துக்கு ஊதியமே தரப்படவில்லை. உத்தரப் பிரதேசத்தில் இவர்களுக்கு ‘அனுதேசக்’ என்று பெயர். தொடக்கத்தில் அவர்களது மதிப்பூதியம் மாதம் 7,000 ரூபாயாக இருந்தது. இரு மாநிலங்களிலும் இவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று போராடியிருக்கிறார்கள். கலைக்கல்விக்கு அரசு வைத்திருக்கும் விலை என்ன என்பதற்கு இந்த ஊதியச் சீட்டே சாட்சி.

விடுதலைக்கு முந்தைய சிந்தனை இதைவிட விரிந்ததாக இருந்தது. 1937ல் வார்தா மாநாட்டையொட்டி ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு, ஏழாண்டு அடிப்படைக் கல்விக்கு வகுத்த பாடத்திட்டத்தில் கைத்தொழில், தாய்மொழி, கணிதம் ஆகியவற்றோடு இசையையும் ஓவியத்தையும் சேர்த்திருந்தது. கிராமத்து ஏழைக் குழந்தைகளுக்கான பாடத்திட்டம் அது. ஏழைக்கு எழுத்தும் எண்ணும் போதும் என்ற எண்ணம் அந்தக் குழுவுக்கு இருக்கவில்லை.

ஏட்டில் இசை, வகுப்பில் மௌனம்

தேசியக் கல்விக் கொள்கை 2020 கலையைப் பற்றித் தாராளமாகப் பேசுகிறது. பாடம், பாடத்துக்கு அப்பாற்பட்டது என்ற வேறுபாடே இருக்கக் கூடாது என்கிறது. எல்லாப் பாடங்களிலும் கலையை இணைக்கச் சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் கலைக்கல்வியைத் தனிப் பாடப்பரப்பாகவே வைத்தது. 2024ல் மூன்றாம் வகுப்புக்கு ‘பான்சுரி’ என்ற கலைப் பாடநூலை என்சிஇஆர்டி வெளியிட்டது. இவற்றில் குறை காண ஒன்றுமில்லை என்று கூடத் தோன்றலாம்.

ஆனால் அந்தப் புத்தகத்தை யார் நடத்துவது? ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் புள்ளிவிவரப்படி 2024-25ல் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு இயங்கின. அவற்றில் படித்த குழந்தைகள் 33 லட்சத்துக்கும் அதிகம். ஐந்து வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, மதிய உணவுக் கணக்கையும் எழுதி, தேர்தல் பணிக்கும் ஓடும் அந்த ஆசிரியரிடம் தாளமும் சுருதியும் கற்பிக்கச் சொல்வது கல்விக் கொள்கை அல்ல, கேலி. கொள்கை இதற்குச் சொல்லும் தீர்வு, பல பள்ளிகளை ஒரு வளாகமாக்கி ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்வது. உள்ளூர்க் கலைஞர்களைப் பயிற்றுநராக அழைப்பது. புதிய நிரந்தரப் பணியிடம் பற்றியோ அதற்கான நிதி பற்றியோ உறுதி எதுவும் இல்லை. கல்விக்கு உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 6 சதவீதம் என்று கோத்தாரி கமிஷன் 1966ல் சொன்னதை இந்தக் கொள்கையும் திருப்பிச் சொல்கிறது. அந்த இலக்கை எந்த ஒன்றிய அரசும் எட்டியதில்லை. பிஎம்ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ல் தமிழ்நாட்டின் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்த அரசிடமிருந்துதான் முழுமையான வளர்ச்சி பற்றிய உபதேசம் வருகிறது. பகுதிநேரக் கலை ஆசிரியர்களின் ஊதியமும் அந்த நிதியைச் சார்ந்ததே.

‘மூளை வளர்ச்சி’ வியாபாரம்

அரசு விலகிய இடத்தில் சந்தை நுழைகிறது. தனியார் பள்ளிகளின் விளம்பரங்களில் கீபோர்டும் கிடாரும் தவறாமல் இடம்பெறுகின்றன. இசை கற்றால் கணிதத்தில் மதிப்பெண் கூடும், நுண்ணறிவு பெருகும் என்று பெற்றோரிடம் சொல்லித் தனிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. இந்த விற்பனைப் பேச்சின் வேர், 1993ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு ஆய்வு. 36 கல்லூரி மாணவர்கள் மொசார்ட்டின் இசையைக் கேட்ட பின் ஒருவகைத் தேர்வில் சிறிது கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். அந்த விளைவு 10, 15 நிமிடங்களே நீடித்தது. அது குழந்தைகளைப் பற்றியதும் அல்ல, இசை கற்பதைப் பற்றியதும் அல்ல. 2020ல் சாலா, கோபெட் என்ற இரு ஆய்வாளர்கள் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தனர். முறையாக நடத்தப்பட்ட ஆய்வுகளில், இசைப் பயிற்சி பிற பாடங்களின் மதிப்பெண்ணையோ பொது அறிவுத்திறனையோ உயர்த்தியதாகத் தெரியவில்லை என்பதே அவர்களது முடிவு.

இதனால் இசைக் கல்வியின் தேவை குறைந்துவிடவில்லை. கணிதத்துக்குக் கணிதம் கற்பிக்க வேண்டும். இசையை அதற்கு ஏவலாளாக அனுப்ப வேண்டியதில்லை. எதைக் கற்றாலும் எதிர்காலச் சம்பளத்தில் எவ்வளவு கூடும் என்று கேட்பது, மனிதரை ‘மனித மூலதனமாக’ மட்டும் பார்க்கும் நவதாராளமயப் பார்வை. அந்தக் கேள்விக்குள் நின்று இசைக்கு வாதாடினால், அடுத்த ஆய்வு மாறாக வரும்போது இசை வகுப்பை மூடவும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். 1844ஆம் ஆண்டின் கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் இதைத் தெளிவாகப் பேசியிருக்கிறார். இசையை உணரும் காது பிறப்பிலேயே வருவதில்லை. இசையினாலேயே அது உருவாகிறது. மனிதப் புலன்கள் மனித வரலாற்றின் விளைபொருள் என்பது அவரது வாதம். அந்த வரலாற்றுச் செல்வத்தில் ஒரு வர்க்கத்தின் குழந்தைகளுக்கு மட்டும் பங்கு உண்டு, மற்றவர்களுக்கு இல்லை என்பதுதான் இங்கே எழும் பிரச்சனை. கலை, பண்பாட்டு வாழ்வில் முழுமையாகப் பங்கேற்பது குழந்தையின் உரிமை என்கிறது ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு. இந்தியா 1992ல் அதை ஏற்றுக்கொண்டுள்ளது.

சேர்ந்து பாடும்போது கற்பது

நல்ல இசை வகுப்பில் குழந்தை முதலில் கற்பது கேட்பதற்கு. தன் குரலைப் பக்கத்துக் குழந்தையின் குரலோடு பொருத்த வேண்டுமானால், தன் குரலைத் தாழ்த்தி மற்றதைக் கேட்டாக வேண்டும். தாளம் தவறினால் எல்லோருக்கும் தெரிகிறது. எல்லோரும் சேர்ந்தே திருத்துகிறார்கள். இங்கே ஒருவர் வெல்ல மற்றவர் தோற்க வேண்டியதில்லை. வாசிக்கத் திணறும் குழந்தை பாடும்போது முன் வரிசைக்கு வர முடிகிறது. வாய் திறக்காத குழந்தை, கூட்டத்தின் குரலுக்குள் மறைந்துகொண்டு முதல் முறையாகப் பள்ளியில் குரல் எழுப்புகிறது. வீட்டில் கோண்டியோ சந்தாலியோ பேசிவிட்டுப் பள்ளியில் இந்தியையோ ஒடியாவையோ எதிர்கொள்ளும் ஆதிவாசிக் குழந்தைக்குப் பாட்டு பெரும் துணை. ஒலியைப் பிரித்தறிந்து, அசைகளை எண்ணி, சொல்லை நாவில் பழக்கிய பிறகே பொருள் வந்து சேர்கிறது. பாட்டு இந்த வரிசையிலேயே அமைந்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஏழைக் குடியிருப்புக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி இசை கற்பித்த அமைப்பொன்றில் நரம்பியல் அறிஞர் நினா கிராஸ் நடத்திய ஆய்வு 2014ல் வெளியானது. பேச்சொலிகளை வேறுபடுத்தி அறியும் மூளையின் திறன் அக்குழந்தைகளிடம் மேம்பட்டிருந்தது. ஆனால் ஓராண்டுப் பயிற்சியில் அது தெரியவில்லை. இரண்டாண்டுத் தொடர் பயிற்சிக்குப் பின்னரே தெரிந்தது. ஆண்டு விழாவுக்கு முன் பதினைந்து நாள் ஒத்திகை பார்த்துவிட்டு அதையே இசைக் கல்வி என்று சொல்ல முடியாது என்பதே இதிலிருந்து பெற வேண்டிய பாடம். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் நூற்றில் ஒரு குழந்தையை மேடையேற்றி, மற்ற தொண்ணூற்றொன்பது பேரையும் பார்வையாளராக்குகின்றன. பள்ளி செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அல்ல. ஹங்கேரியில் சோல்டான் கோடாய் என்ற இசையமைப்பாளர், தன் நண்பர் பேலா பார்டோக்குடன் கிராமம் கிராமமாகச் சென்று உழவர்களின் பாடல்களைத் திரட்டியவர். விலையுயர்ந்த கருவி இல்லாமலே இசை கற்பிக்கலாம், ஒவ்வொரு குழந்தையிடமும் குரல் என்ற கருவி இருக்கிறது, தாய்மொழியின் நாட்டுப்பாடலே முதல் பாடநூல் என்பது அவரது நிலைபாடு. 1950ல், சோஷலிச ஹங்கேரியில், அவர் பிறந்த கெச்கெமெட் நகரில் முதல் ‘பாடும் தொடக்கப் பள்ளி’ அரசுப் பள்ளியாகத் தொடங்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தகைய பள்ளிகள் நூற்றைத் தாண்டின. போரில் சிதைந்து மீண்டுகொண்டிருந்த நாடு அது. எல்லாம் கிடைத்த பிறகு இசை என்று அந்நாடு காத்திருக்கவில்லை.

எந்த இசை, யாருடைய இசை?

இசைக் கல்வி வேண்டும் என்பதோடு கேள்வி முடிவதில்லை. இந்தியாவில் இசை சாதியாலும் மதத்தாலும் பாலினத்தாலும் பிளவுண்டு கிடக்கிறது. 1901ல் லாகூரில் பலுஸ்கர் நிறுவிய காந்தர்வ மகாவித்யாலயாவும், 1926ல் லக்னோவில் பாத்கண்டே முன்னின்று தொடங்கிய மாரிஸ் இசைக் கல்லூரியும் இசையை அரசவையிலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. அது முன்னேற்றமே. நடுத்தர வர்க்கப் பெண்கள் இசை கற்க வழி பிறந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக இசையைக் காத்த முஸ்லிம் உஸ்தாதுகளும், பரம்பரைக் கலைக் குடும்பங்களின் பெண்களும் அதே போக்கில் ஓரங்கட்டப்பட்டார்கள். தெற்கிலும் இதுவே நடந்தது. உழைக்கும் மக்களின் இசை ‘நாட்டுப்புறம்’ என்று தனிப் பெட்டியில் அடைக்கப்பட்டது. அதை வாசித்தவர்களின் தோலும் கோலும் தீட்டாகப் பார்க்கப்பட்டன.

சத்தீஸ்கரின் பாண்டவானிக் கலைஞர் தீஜன் பாய் பார்தி சமூகத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு வாய்க்காதவர். பெண்கள் அமர்ந்து பாடவே அனுமதிக்கப்பட்ட காலத்தில், ஆண்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கபாலிக பாணியில் எழுந்து நின்று பாடினார். 2019ல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. குடியரசுத் தலைவர் மாளிகை வரை அவரை அழைத்துச் சென்ற அந்தக் கலை, சான்றிதழ் இல்லாததால், அவர் ஊர்ப் பள்ளியின் வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழைய முடியாது. ராஜஸ்தானத்தின் லங்கா, மாங்கணியார் கலைஞர்களுக்கும் வங்கத்து பாவுல்களுக்கும் இதுவே நிலை. இவர்களை ஆண்டுக்கு இருமுறை அழைத்து, சால்வை போர்த்தி அனுப்பிவிடுவது மரியாதை அல்ல. தகுதியைப் புதிதாக வரையறுத்து, பயிற்சி தந்து, ஊதியம் பெறும் ஆசிரியராக அமர்த்துவதே மரியாதை. தலித் சிறுவன் தன் தாத்தா வாசித்த கருவியைப் பள்ளியில் ஆசிரியர் வாசிக்கக் கேட்பதும், ஆதிக்க சாதிச் சிறுவன் அதைத் தன் கையால் தொட்டு வாசிக்கக் கற்பதும் சாதி ஒழிப்புக் கல்வியின் பகுதி. பள்ளி அன்றி இதற்கு வேறு பொது இடம் இல்லை.

வெற்றிடத்தை நிரப்புவது யார்?

பாட்டின் வலிமையை ஆர்எஸ்எஸ் நன்கு அறிந்திருக்கிறது. 1952ல் கோரக்பூரில் தொடங்கிய சரஸ்வதி சிசு மந்திர்கள் வித்யா பாரதி என்ற பெயரில் நாடெங்கும் பரவியுள்ளன. அவ்வமைப்பு அடிப்படைப் பாடங்கள் என்று வைத்திருப்பவை ஐந்து: உடற்பயிற்சி, யோகா, இசை, சமஸ்கிருதம், ஒழுக்க-ஆன்மிகக் கல்வி. இசை அங்கே விருப்பப் பாடம் அல்ல, அடித்தளம். தினமும் சேர்ந்து பாடும் குழந்தையின் மனதில் பாட்டின் சொற்கள் கேள்வியின்றிக் குடியேறும் என்பது அவர்களுக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் மதச்சார்பற்ற, பன்மொழி இசைக் கல்வி இல்லாதபோது அந்த இடம் காலியாக இருப்பதில்லை. காலைக் கூட்டத்தின் வழிபாட்டுப் பாடலும், ஒலிபெருக்கியில் வரும் வெறுப்புப் பாடலும் அதை நிரப்பிவிடுகின்றன.

இடதுசாரி இயக்கத்துக்கு இது புதிதாகக் கற்க வேண்டிய பாடம் அல்ல. மறந்துவிட்ட சொந்தப் பாடம். 1943ல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம், வங்கப் பஞ்சத்தின் துயரைப் பாட்டாக நாடெங்கும் கொண்டு சென்றது. சலில் சௌத்ரியும் ஹேமாங்க பிஸ்வாசும் அந்த மண்ணில் விளைந்தவர்கள். மாணவர் இயக்கத்திலும் மக்கள் நாடக மன்றத்திலும் உருவான எம்.பி.சீனிவாசன் திரைத்துறையில் தொழிற்சங்கம் கட்டியதோடு, 1970களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவையும் உருவாக்கினார். பல மொழிப் பாடல்களைப் பல குரல்களில் சேர்ந்து பாடும் முறையைப் பரப்பினார். 1990களின் அறிவொளி இயக்கத்தில் கலைப்பயணக் குழுக்களின் பாட்டே முதலில் ஊருக்குள் சென்றது. கரும்பலகை அதன் பின்னால் போனது. எர்ணாகுளத்திலும் புதுக்கோட்டையிலும் எழுத்தறிவு பெற்ற லட்சக்கணக்கானோரில் பலருக்கு இயக்கத்தின் அழைப்பு பாட்டாகவே வந்து சேர்ந்தது.

முதலில் எழுத்தறிவு என்ற வாதம்

இனி அக்கறையுள்ள தோழர்களின் கேள்வி. ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வராத நாட்டில் இசைக்கு நேரம் உண்டா? கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலை நாட்கள், 800 கற்பித்தல் மணி நேரம். வாரத்துக்கு 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு இசை வகுப்புகள் என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 53 மணி நேரம். மொத்த நேரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் ஆசிரியரை அனுப்புவதால் பறிபோகும் நேரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கூரையா, இசையா என்று குழந்தையின் முன் இரண்டில் ஒன்றை வைப்பது ஆளும் வர்க்கத்தின் கணக்கு. ஆசிரியர் நியமனம், கட்டடம், மதிய உணவு, இசை ஆசிரியர் எல்லாம் பொதுக் கல்விக்குப் போதிய நிதி என்ற ஒரே கோரிக்கையின் கிளைகள். எட்டு மணி நேர வேலைக்குப் போராடிய தொழிலாளி வர்க்கம் எஞ்சிய நேரத்தை உறக்கத்துக்கு மட்டும் கேட்கவில்லை. மனிதராக வாழக் கேட்டது. தன் குழந்தைக்கு அதைவிடக் குறைவாகக் கேட்க அதற்குக் காரணம் இல்லை.

கேட்க வேண்டியவை

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைத் திருத்தி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கும் கலை ஆசிரியரைக் கட்டாயமாக்க வேண்டும். முப்பது, நாற்பது குழந்தைகள் உள்ள சிறு பள்ளிகளில், அருகிலுள்ள மூன்று பள்ளிகளுக்கு ஒரு நிரந்தர இசை ஆசிரியர் என்று தொடங்கலாம். வகுப்புக்கு வாரம் இரண்டு பாடவேளை என்றால் பள்ளிக்குப் பத்து, மூன்று பள்ளிகளுக்கு முப்பது. இதைச் சாக்காக வைத்துப் பள்ளிகளை இணைக்கவோ மூடவோ அனுமதிக்கக் கூடாது. இன்று பணியிலுள்ள பகுதிநேரப் பயிற்றுநர்களைக் காலமுறை ஊதியத்தில் நிரந்தரமாக்க வேண்டும். சான்றிதழ் இல்லாத மக்கள் கலைஞர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் அரசுப் பணியும் தர வேண்டும். ஒவ்வொரு பள்ளிக்கும் அந்தந்த வட்டாரத்தின் கருவிகளை வாங்க நிதி வேண்டும்; அவற்றைச் செய்யும் கைவினைஞர்களுக்கும் அதனால் வாழ்வு கிடைக்கும். பாடல் தொகுப்பு மதச்சார்பற்றதாக, குழந்தைகளின் தாய்மொழிகளில் இருக்க வேண்டும். இசைக்குத் தேர்வும் மதிப்பெண்ணும் வேண்டாம்.

இவை ஆசிரியர் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கடைசி வரியாக அல்லாமல் முன்வரிசையில் இடம்பெற வேண்டும். மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளும் கலை இலக்கிய அமைப்புகளும் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் பெற்றோரைத் திரட்டி இதை எழுப்ப முடியும். அரசு செய்யும் வரை காத்திராமல், கிளைகள் இருக்கும் ஊர்களில் ஞாயிறுதோறும் குழந்தைகளுக்கான சேர்ந்திசை வகுப்பைத் தொடங்க முடியும். அரசுப் பள்ளிக்கு அது மாற்றாகாது. ஆனால் தன் பிள்ளை பாடக் கேட்ட தாய், அந்த ஆசிரியர் பள்ளியில் ஏன் இல்லை என்று ஊராட்சி மன்றத்தில் எழுந்து நின்று கேட்பார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கோரிக்கைக்கு மக்கள் பலம் சேர வேண்டும்.